கஞ்சா மருந்தா? கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.)

சென்ற வாரம் எங்கள் துறையின் மாணவர் கருத்தரங்கில் முதுகலை மாணவர் ஒருவர் கஞ்சாவின் மருத்துவப் பயன்கள் பற்றிக் கட்டுரை வாசித்தார். முதல் படவில்லையில் அதர்வ வேதம். இரண்டாவதில் சிவபெருமான். மூன்றாவதில் 'ஐயாயிரம் ஆண்டு மரபு' என்ற பெரிய எழுத்துகள். நான்காவதில் புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, மனச்சோர்வு, தூக்கமின்மை என்று பட்டியல் நீண்டது. அவர் முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, இது போதைப்பொருள், ஆய்வு மாணவர்கள் இதைப் பேசுவதே தவறான முன்மாதிரி என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். விவாதம் அத்துடன் முடிந்தது. தேநீருக்குப் போனோம்.

இருவரும் எதிரெதிர்த் துருவங்களில் நிற்பதாக அவையோர் நினைத்திருக்கக்கூடும். எனக்கோ இருவரும் ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றியது. எந்தச் சேர்மம், எந்த அளவில், எந்த நோய்க்கு, யாரிடம், எதனோடு ஒப்பிட்டு என்ற கேள்விகளுள் ஒன்றைக்கூட இருவரும் கேட்கவில்லை. ஒருவருக்கு மரபே சான்று. மற்றவருக்குத் தடையே சான்று. மருந்தியல் வரலாற்றில் சில ஆண்டுகளாக உழன்று வருபவன் என்ற முறையில், இதைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் 'ஐயாயிரம் ஆண்டு'. அதர்வ வேதத்தில் 'பங்கா' என்ற செடி துயர் நீக்கும் ஐந்தனுள் ஒன்றாகச் சொல்லப்படுவது உண்மை. ஆயின் அது மருந்தாகச் சொல்லப்படவில்லை. அச்சொல் நாமறிந்த கஞ்சாவையே குறித்தது என்பதிலும் ஐயத்துக்கு இடமுண்டு. சரகர், சுசுருதர் ஆகியோரின் பெருநூல்களில் போதை தரும் கஞ்சாவைத் திட்டவட்டமாக அடையாளம் காண முடிவதில்லை. மருத்துவ நூல்களில் அது தெளிவாகத் தலைகாட்டுவது ஏறத்தாழ பதினோராம் நூற்றாண்டுக்குப் பின்னர்தான். வங்கசேனர், பின்னர் சாரங்கதரர். அங்கும் அது பசியைத் தூண்டுவது, செரிமானம் தருவது என்ற அளவிலேயே பெரிதும் பேசப்படுகிறது. நம் சித்த மரபில் கோரக்கர் மூலி, சிவமூலி என்னும் பெயர்களில் அது வழங்கி வருவதும், சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்ற கட்டுப்பாட்டோடு வழங்கி வருவதும் பலர் அறிந்ததே. ஆயிரம் ஆண்டு மரபு ஒன்றும் அற்பமானதன்று. அதை ஐந்தால் பெருக்கிச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கு, எதற்கு எழுகிறது என்பதுதான் கேள்வி.

மரபை மதிப்பது எப்படி என்பதற்கு இந்நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சர்ப்பகந்தி. பித்துக்கும் தூக்கமின்மைக்கும் தலைமுறைகளாகக் கொடுக்கப்பட்டு வந்த வேர். 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் போசும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினர். அதே காலத்தில் சலிமுஸ்ஸமான் சித்திகி அதன் ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் ரெசர்பைன் தனியே பிரிக்கப்பட்டது. உலகெங்கும் பயன்பட்டது. பின்னர், அதிக அளவில் அது சிலருக்குக் கடும் மனச்சோர்வைத் தருகிறது என்ற கவலை எழுந்தது. மேலான மருந்துகள் வந்தன. அது பின்வரிசைக்குப் போயிற்று. ஒரு மூலிகை மருந்தாகும் கதை இப்படித்தான் இருக்கும். அளந்து பார்த்தபோது உயர்ந்தது. மேலும் அளந்து பார்த்தபோது தாழ்ந்தது. அதனால் மரபுக்கு எந்த இழுக்கும் நேரவில்லை. நித்திய கல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் கிடைக்கிறது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு யாரும் அந்தப் பூவை அரைத்துக் கொடுப்பதில்லை.

கஞ்சாவின் கதையும் இப்படித்தான் தொடங்கியது, அதுவும் கல்கத்தாவில். 1839இல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷானசி அந்நகர மருத்துவச் சங்கத்தில் கஞ்சாவைப் பற்றி ஓர் ஆய்வுரை வாசித்தார். இன்று அதை எடுத்துப் படிக்கும் மாணவர் எவரும் வியப்படைவர். அவர் முதலில் வடமொழி, பாரசீக நூல்களில் இச்செடி பற்றி என்ன இருக்கிறது என்று பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்தார். அவருக்கு உதவியவர்களுள் ஒருவர் மதுசூதன் குப்தா. இந்தியாவில் மேலை முறையில் முதன்முதலாகப் பிணவறுவை செய்தவராகப் போற்றப்படும் அதே வைத்தியர். அடுத்து, விலங்குகளிடம் சோதனை. நாய், பூனை, கழுகு, மீன் முதலியவை விரைவில் மயங்க, புல் மேயும் விலங்குகளிடம் பெரிய விளைவு எதுவும் தென்படவில்லை என்று குறித்தார். அதன் பின்னரே நோயாளிகள்: வாதநோய், வெறிநாய்க்கடி, காலரா, வில்வாதம், பச்சிளங்குழந்தையின் வலிப்பு.

வெறிநாய்க்கடி நோயாளி பற்றிய குறிப்பே என்னை அதிகம் கவர்ந்தது. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகித் துடித்தவர் மருந்துக்குப் பின் விழுங்க முடிந்தது, வேதனை தணிந்தது, ஆயினும் இறந்தார். ஓஷானசி அதைக் 'குணம்' என்று எழுதவில்லை. நோய் தீராது, ஆனால் அதன் கொடூரத்தைக் குறைக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். கஞ்சா எண்ணெயை விற்கும் இன்றைய விளம்பரங்களுள் ஒன்றிலாவது இந்த அடக்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அவர் எடுத்துச் சென்ற சரக்கு இலண்டனில் சாறாகவும் திராவகமாகவும் வடிக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மருந்துக்கடைகளில் விற்றது. பிறகு ஏன் மறைந்தது? தடைச்சட்டத்தால் மறைந்தது என்றே ஆதரவாளர்கள் சொல்வர். பாதி உண்மை. பிரித்தானிய மருந்து நூலிலிருந்து அது 1932இலும் அமெரிக்க நூலிலிருந்து 1942இலும் நீக்கப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே மருத்துவர்கள் அதைக் கைவிடத் தொடங்கியிருந்தனர். கஞ்சாப் பிசின் நீரில் கரையாது. ஊசி வழியாகச் செலுத்த இயலாது. மார்ஃபீன் அபினிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டுவிட்டது. கஞ்சாவின் செயற்பொருள் எதுவென்றே தெரியாது. ஒரு குப்பி வேலை செய்யும். அடுத்த குப்பி வெறும் தண்ணீர்போல் இருக்கும். மூன்றாவது நோயாளியைப் பித்தனாக்கும். எந்த மருத்துவர் அதை நம்பி எழுதுவார்? அளவு தெரியாத மருந்து கைவிடப்படுவது நியாயமே.

இதற்கிடையே ஒரு விசாரணை நடந்தது. கஞ்சா புகைப்பவர்களால் இந்தியப் பித்தர் விடுதிகள் நிரம்பி வழிகின்றன என்ற பேச்சு பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழ, 1893இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. மக்வொர்த் யங் தலைவர். உறுப்பினர்களுள் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. மிதமான பயன்பாடு குறிப்பிடத்தக்க கேடு விளைவிப்பதில்லை. மிகைப் பயன்பாடு கேடு தரும். முழுத்தடை தேவையற்றது என்பது அதன் முடிவு. இந்த முடிவை மேற்கோள் காட்டாத கஞ்சா ஆதரவாளர் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் படிக்க வேண்டியது முடிவை அன்று, பித்தர் விடுதிகளைப் பற்றிய பகுதியை. 1892இல் கஞ்சாவால் பித்துப் பிடித்தவர்கள் என்று பதிவான 222 பேரின் கோப்புகளை ஆணையம் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தது. 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியவர், நோயாளியைக் கொண்டுவந்த காவலர். படிவம் காலியாக இருக்கக் கூடாது. எதையேனும் எழுத வேண்டும். நோயாளி எப்போதேனும் கஞ்சா புகைத்தவரா என்று கேட்டு, ஆம் என்றால் அதையே எழுதினார்கள். விடுதிக் கண்காணிப்பாளர் அதைப் பேரேட்டில் ஏற்றினார், பேரேடு புள்ளிவிவரமாயிற்று, புள்ளிவிவரம் இலண்டனில் அறிவியலாயிற்று. சரிபார்த்தபோது பாதிக்கும் குறைவான கோப்புகளே தேறின.

நம் மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் கற்பிக்கையில் இந்த ஓர் அத்தியாயத்தைப் பாடமாக வைக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. அதே வேளையில் ஒரு சிறு எச்சரிக்கை. அந்த ஆணையம் பார்த்த கஞ்சாவும் இன்றைய சந்தையில் உள்ள வீரியமேற்றிய வகைகளும் ஒன்றல்ல. 2019இல் லான்செட் மனநல இதழில் வெளிவந்த, ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோரு இடங்களில் நடந்த ஆய்வில், டி.எச்.சி. பத்து விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள வகையை நாள்தோறும் பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய் காணும் வாய்ப்பு, ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. 1894இன் அறிக்கையை இதற்கு எதிராக நீட்டுவது, காட்டுத்தேனின் சான்றிதழைச் சாராயத்துக்குக் காட்டுவது போன்றது.

செயற்பொருள் எது என்ற புதிர் 1960களில் இஸ்ரேலில் அவிழ்ந்தது. ரஃபேல் மெக்கூலம் 1963இல் சி.பி.டி.யின் அமைப்பையும், 1964இல் கவோனியுடன் சேர்ந்து டி.எச்.சி.யையும் தெளிவுபடுத்தினார். ஆய்வுக்கான சரக்கு, காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த ஐந்து கிலோ ஹஷீஷ். அதை அவர் பேருந்தில் எடுத்துச் சென்ற கதையை அவரே சிரித்துக்கொண்டு பலமுறை சொல்லியிருக்கிறார். 1988இல் மூளையில் அதற்கான ஏற்பி இருப்பது நிறுவப்பட்டது. 1992இல் நம் உடலே சுரக்கும், அந்த ஏற்பியில் பொருந்தும் சேர்மத்தை அவரது குழு கண்டறிந்து, வடமொழி 'ஆனந்த'த்திலிருந்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டது. பெயரைக் கேட்டு நாம் பூரிக்கலாம். பூரிக்கும்போதே, இந்த அரை நூற்றாண்டு வேலையில் ஓஷானசியின் நகரமும் நாடும் எங்கே போயின என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

டி.எச்.சி., சி.பி.டி. இரண்டும் ஒரே செடியில் விளைந்தாலும் செயலில் வேறு. மயக்கம் தருவது முன்னது, பின்னது தராது. 'கஞ்சா மருந்தா?' என்ற கேள்வி இங்கேயே உடைந்துவிடுகிறது. இன்று சான்று எங்கே நிற்கிறது என்று பார்த்தால், டி.எச்.சி.யின் செயற்கை வடிவங்கள் புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்திக்கு 1985 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. இரண்டும் கலந்த வாய்த்தெளிப்பு, தண்டுவட மரப்பு நோயில் தசை இறுக்கத்துக்கு 2010இல் பிரிட்டனில் அனுமதி பெற்றது. நாள்பட்ட வலியில் நிலைமை சிக்கலானது. 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு கணிசமான சான்று உண்டு என்றது. 2021இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம், கிடைத்துள்ள ஆய்வுகளின் தரம் போதாது, பொதுப் பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்க இயலாது என்றது. ஒரே துறை அறிஞர்கள் நான்கு ஆண்டு இடைவெளியில் இப்படி மாறுபடுகிறார்கள் என்றால், 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லை நாம் சற்று மெல்லவே உச்சரிக்க வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு மனிதரிடம் சான்று இல்லை. சோதனைக்குழாயில் புற்றணுக்கள் சாவதைக் காட்டும் ஆய்வுகள் நிறைய உண்டு. சோதனைக்குழாயில் புற்றணுவைக் கொல்லாதது எது?

மிகத் தெளிவான வெற்றி வலிப்பில்தான் கிடைத்தது. அதிலும் எல்லா வலிப்பிலும் அன்று. டிராவே நோய்க்குறி, லெனாக்ஸ்–கஸ்டோ நோய்க்குறி என்னும், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத குழந்தைப் பருவ வலிப்புகளில். கொலராடோவில் ஷார்லட் ஃபிகி என்ற சிறுமிக்கு வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்த வலிப்பு, சி.பி.டி. மிகுந்த சாற்றால் வெகுவாகக் குறைந்தது என்ற செய்தி 2013இல் உலகெங்கும் பரவியது. அதோடு நின்றிருந்தால் அது மற்றொரு வாட்ஸ்அப் செய்தி. நிற்கவில்லை. தூய சி.பி.டி.யை வைத்து முறையான சோதனை நடந்து, 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. டிராவே நோய்க்குறியுள்ள 120 குழந்தைகளும் இளையோரும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மாதாந்திர வலிப்பின் நடு எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது, வெற்று மருந்து பெற்றவர்களிடம் 14.9இலிருந்து 14.1. 2018 ஜூனில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு எண் உண்டு. அதைப் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவதில்லை. வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 43 விழுக்காடு. வெற்று மருந்துக் குழுவில் 27 விழுக்காடு. அதாவது, மருந்தே இல்லாத இனிப்புத் திரவத்தைக் குடித்த குழந்தைகளுள் நான்கில் ஒருவருக்கும் மேலானோருக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது. இந்நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. மிக மோசமான கட்டத்தில்தான் பெற்றோர் புதிய மருந்தைத் தேடுவர். அதன் பின் இயல்பாகவே ஓரளவு இறங்கும். 'என் குழந்தைக்குக் கொடுத்தேன், குறைந்தது' என்று ஒரு தாய் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்தக் குழந்தை 43இல் ஒன்றா 27இல் ஒன்றா என்று அந்தத் தாயால் சொல்ல முடியாது; நம்மாலும் முடியாது. ஒப்பீட்டுக் குழு என்ற ஒன்று எதற்காக என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் கஞ்சாவை வரையறுக்கும் விதம் வியப்பானது: செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனியே கஞ்சா, நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. ஆகவே இலையிலிருந்து ஆகும் பாங் இந்தச் சட்டத்துக்கு வெளியே, மாநில அரசுகளின் ஆயத்தீர்வைக்குள் வாழ்கிறது. நான் தங்கி ஆய்வு செய்யும் வாராணசியில் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகள் உண்டு. பெயர்ப்பலகையுடன், பட்டப்பகலில். இரண்டு நிமிடத்தில் உருண்டை கைக்கு வரும். நானறிந்த ஓர் ஆய்வகமோ, சாறுகளில் டி.எச்.சி. அளவைச் சரிபார்ப்பதற்கு வேண்டிய சில மில்லிகிராம் தரப்பொருளுக்கு விண்ணப்பித்து, ஓராண்டுக்கு மேல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. அனுமதி வந்தபோது அந்த மாணவரின் உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. சட்டம் 'மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு' விலக்கு அளிக்கத்தான் செய்கிறது. 10ஆம் பிரிவு மாநிலங்களுக்கும், 14ஆம் பிரிவு நார், விதை சார்ந்த பயிருக்கும் வழி திறந்தே வைத்திருக்கின்றன. சட்டத்தில் வழி இருக்கிறது. அவ்வழியில் நடப்பதற்குக் கால்கள் தேய்கின்றன.

அதே காலத்தில் மற்றொரு வாசல் அகலத் திறந்து கிடக்கிறது. இலையிலிருந்து எடுத்த சாறு 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில், ஆயுஷ் உரிமத்தோடு, எண்ணெயாகவும் மாத்திரையாகவும் இணையத்தில் விற்கப்படுகிறது. மருத்துவரின் சீட்டு வேண்டும் என்பது விதி. ஒரு சிறு காணொளி உரையாடலில் சீட்டும் கிடைத்துவிடுகிறது. எல்லா நிறுவனங்களும் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், சிட்டையில் எழுதியதும் உள்ளே இருந்ததும் ஒத்தவை 31 விழுக்காடு மட்டுமே. ஐந்தில் ஒன்றில் டி.எச்.சி. கலந்திருந்தது. அங்கே அப்படி என்றால் இங்கே எப்படி என்று அறிய வேண்டிய ஆய்வகம்தான் சில மில்லிகிராம் தரப்பொருளுக்காகக் காத்துக் கிடந்தது.

ஆக, நாட்டில் கஞ்சாவை விற்பது எளிது, அளப்பது கடினம். இதுவே என் முதன்மைக் குறை.

தடையை இறுக்குவோர் ஒரு வரலாற்றை மறக்கக் கூடாது. 1985இன் சட்டம் மார்ஃபீனை மருத்துவர்களிடமிருந்து பிடுங்க விரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் பல உரிமங்கள், ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதி, பிழை நேர்ந்தால் கடுஞ்சிறை. மருந்தகங்கள் அதை வைத்திருப்பதையே நிறுத்தின. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபீன் பயன்பாடு முன்பிருந்ததில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியது. சட்டத்தில் அனுமதி இருந்தும், புற்றுநோயின் கடைசி நாட்களில் கோடிக்கணக்கான குடும்பங்களின் நாட்டில் வலியோடு செத்தார்கள். கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் இரு பதிற்றாண்டுகள் போராடியதன் பின், 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டு 'இன்றியமையாப் போதை மருந்துகள்' என்ற வகை உருவாயிற்று. தலைமுறை ஒன்று அதற்கு விலை கொடுத்தது. கஞ்சா விஷயத்திலும் அதே வகைக் காலதாமதத்தைத்தான் நாம் மறுபடியும் பார்க்கிறோம்.

தாராளமயம் பேசுவோரும் ஓர் எண்ணை மறக்கக் கூடாது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தலைமையில் நடந்து 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, ஓராண்டில் கஞ்சா வகைப் பொருளைப் பயன்படுத்தியோர் ஏறத்தாழ 3.1 கோடி, அதனால் வரும் சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் 72 இலட்சம். மருத்துவத்தின் பெயரால் பொதுப் பயன்பாட்டுக்கு வாசல் திறக்க நினைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. பொதுப் பயன்பாட்டைக் குற்றமாகக் கருதுவது சரியா என்பது தனி விவாதம். நேர்மையாக, அதன் பெயராலேயே நடத்தப்பட வேண்டிய விவாதம். நோயுற்ற குழந்தையை முன்னால் நிறுத்தி அதன் முதுகுக்குப் பின்னால் நடத்தப்பட வேண்டியதன்று.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. வாராணசியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் காசிப்பூர் இருக்கிறது. அங்கே 1820 முதல் அரசின் அபின் ஆலை இயங்குகிறது; மத்தியப் பிரதேசத்து நீமச்சில் மற்றொன்று. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் உழவர்கள் உரிமம் பெற்றுக் கசகசாச் செடி பயிரிட்டு, எடைபோட்டு, அபினை அரசிடம் ஒப்படைக்கிறார்கள். அதிலிருந்து மருந்து ஆகிறது. கஞ்சாவைவிடப் பன்மடங்கு அபாயமான பொருளை இருநூறு ஆண்டுகளாகக் கணக்கு வைத்துக் கையாளும் அரசுக்கு, மருத்துவ ஆய்வுக்கென்று சில ஏக்கர் கஞ்சாவைக் கையாளத் தெரியாது என்பதை நம்ப முடியவில்லை. ஜம்முவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் ஏற்கெனவே அரசு அனுமதியோடு சிறு அளவில் ஆய்வுக்காகப் பயிரிடுகிறது. இமாசலச் சட்டமன்றம் 2024இல் மருத்துவ, தொழிற்பயனுக்கான பயிரிடுதலைப் பரிந்துரைத்த குழு அறிக்கையை ஏற்றது. ஐ.நா. ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியபோது 27க்கு 25 என்ற நூலிழை வாக்கில் இந்தியாவின் வாக்கும் நீக்கத்துக்கு ஆதரவாகவே விழுந்தது. ஜெனிவாவிலும் வியன்னாவிலும் நாம் துணிவாகத்தான் இருக்கிறோம். உள்ளூர் ஆயத்தீர்வை அலுவலகத்தில்தான் துணிவு தேவைப்படுகிறது.

ஆய்வகங்களுக்கு மில்லிகிராம் அளவிலான தரப்பொருளை ஒற்றை அனுமதியில், கால வரம்பிட்டு வழங்குவது. ஒரே தரமுள்ள சாற்றை ஒரே இடத்திலிருந்து எல்லா ஆய்வாளர்களுக்கும் கொடுப்பது. 'விஜயா' என்று விற்கும் ஒவ்வொரு குப்பியிலும் டி.எச்.சி., சி.பி.டி. இரண்டின் அளவையும் மில்லிகிராமில் எழுத வைப்பது. மூன்றும் அலுவலக ஆணைகளால் முடியக்கூடியவை. இவற்றுக்குப் பின்னர் இந்தியக் குழந்தைகளிடம் முறையான சோதனை. அமெரிக்காவில் அந்தத் தூய சி.பி.டி. மருந்து வந்தபோது அறிவித்த விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 32,500 டாலர். நம் மருந்துத் தொழில் எத்தனையோ மருந்துகளின் விலையை நூறில் ஒன்றாக்கிக் காட்டியது. இதை மட்டும் ஏன் முடியாது?

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் கருத்தரங்கு மட்டும் அன்று. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஊரிலிருந்து என் அக்காவின் வழியாக எண்ணைப் பெற்று ஒரு தாய் அழைத்திருந்தார். ஐந்து வயதுக் குழந்தை, 15 கிலோ எடை, மூன்று மருந்துகளுக்கும் அடங்காத வலிப்பு. இணையத்தில் ஒரு குப்பி எண்ணெய் வாங்கியிருக்கிறார். "தம்பி, நீங்க இதைத்தானே படிக்கிறீங்கன்னு அக்கா சொன்னாங்க. ரெண்டு சொட்டு கொடுக்கச் சொல்லியிருக்காங்க. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாமா?" என்றார். நான் மருத்துவன் அல்லன் என்பதை முதலில் சொன்னேன். பழைய மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது, திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றேன். குழந்தை எடுத்துக்கொள்வதில் வால்ப்ரோயேட் ஒன்று, சி.பி.டி.யோடு சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும், மற்றொன்றான குளோபசாமின் அளவும் இரத்தத்தில் ஏறி மயக்கத்தை மிகுவிக்கும். ஆகவே குப்பியை எடுத்துக்கொண்டு குழந்தையின் நரம்பியல் மருத்துவரிடமே போய் மறைக்காமல் காட்டுங்கள் என்றேன். அவர் திட்டுவார் என்று அஞ்சினார். திட்டினாலும் காட்டுங்கள், அக்கா, என்றேன்.

அழைப்பு முடிந்தபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆய்வில் வேலை செய்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 15 கிலோவுக்கு நாளொன்றுக்கு 300. குப்பியில் ஆயிரம் மில்லிகிராம் சி.பி.டி. இருந்தால்கூட மூன்று நாளைக்கு மேல் வராது. இரண்டு சொட்டு எந்தக் கணக்கிலும் வராது. மறுநாள் சிட்டையின் படத்தை அனுப்பியிருந்தார். 'விஜயா இலைச் சாறு' என்று மொத்த எடை இருக்கிறது, அதில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்பது எங்கும் இல்லை.

குழந்தையின் மருத்துவர் குப்பியைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று கூறியிருக்கிறார். நியாயமான பேச்சு. இப்பதிவை வாசிப்போருள், இச்சேர்மங்களை அளப்பதற்கு முறையான அனுமதி பெற்ற ஆய்வகத்தில் பணிபுரிவோர் யாரேனும் இருந்தால் உட்பெட்டியில் எழுதுங்கள். குப்பியை அனுப்புவதற்கான உரிய நடைமுறை என்ன, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளாகும் என்ற விவரம் போதும். அந்தத் தாய் நேற்றும் கேட்டார்.